கோப்பைக்கு ஒரு பச்சைக் குளிசை

ராஜரத்தினத்தின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு இருக்கும். மனிதர் மூக்குக்கண்ணாடி போட்டு இரணைமடுக் குளத்துப் பக்கத்தில் ஒருவரும் கண்டதில்லை. போட வேண்டிய தேவையும் இல்லை. வாய்க்காலின் அந்தக் கரையில் எவனாவது மதகுப் பலகையை ஒரு விரல் உயர்த்தி வைத்திருந்தால் இந்தக் கரையில் நின்றே சொல்லிவிடுவார். பிறகெதற்குக் கூடு? அதைச் சொல்லத்தான் இந்தக் கதை. கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள். பிறந்தது மலையகத்தில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் லயம் எரிந்தபோது, கொழுந்து பறித்துக் காய்த்துப்போன தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வன்னிக்கு வந்த பையன். வந்தவர்கள் காடு வெட்டினார்கள், பிறர் வயலில் கூலிக்கு நின்றார்கள், கடைசியில் வாய்க்காலின் வால்பக்கத்தில் ஒரு துண்டு வயலும் தேடிக்கொண்டார்கள். இப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. வீதியில் நின்றால் ‘ஓம்’ என்பார், வீட்டுப் படலைக்குள் வந்தால் ‘ஆமா’ என்பார். மனைவி கமலாட்சியும் அதே மலைப்பக்கத்துப் பிள்ளைதான். வெளியில் வன்னித் தமிழ் பேசுவாள். வீட்டுக்குள்ளேயும் கோபத்திலும் தோட்டத்துத் தமிழ்தான். அவளுக்கு அடிக்கடி கோபம் வரும். ராஜரத்தினத்தைக் கட்டியிருந்தால் உங்களுக்கும் வரும்.

ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்பு அவரை வாய்க்கால் பிரதிநிதி ஆக்கிய காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். அந்த வாய்க்காலில் தண்ணீர் எடுக்கிற மற்றவர்கள் எல்லோரும் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்த குடும்பங்கள். ஒருவருக்கு ஒருவர் மச்சான், சம்பந்தி, சித்தப்பன், பெரியப்பன். யாரைப் போட்டாலும் ‘தன்ர ஆளுக்குத் தண்ணி விடுறான்’ என்று சண்டை. ராஜரத்தினத்துக்கு மட்டும் அந்த வாய்க்காலில் சொந்தமென்று ஒரு காக்காய் கூடக் கிடையாது. “அவர்தான் சரி, அவருக்கு இஞ்ச ஒருத்தரும் இல்லை” என்று சொல்லிக் கூட்டத்தில் எல்லோரும் கை தூக்கினார்கள். வேறு யாராவது என்றால் மனம் நொந்திருப்பார்கள். இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்து, “கமலா, என்னயத்தான் தேடிப் புடிச்சாங்க” என்றார்.

சம்பளமில்லாத பதவி. மாரிப் பயிரான காலபோகத்தில் மழை பெய்துவிடும், பிரதிநிதிக்கு வேலையில்லை. கோடைப் பயிரான சிறுபோகத்தில்தான் மண்டை வெடிக்கும். குளத்து நீர் அளவாக வரும், ஒவ்வொருவருக்கும் முறை வைத்து விடவேண்டும். மற்றவர்களைக்கூடச் சமாளிக்கலாம். ஐயாத்துரையையும் பரமலிங்கத்தையும்தான் சமாளிக்க ஏலாது. இருவர் வளவுக்கும் நடுவில் ஒரே வேலி, இருவர் வயலுக்கும் நடுவில் ஒரே மதகு. அந்த மதகுப் பலகையை யார் திருடியது என்று ஒரு சிறுபோகத்தில் தொடங்கிய சண்டை, பலகை வாய்க்காலுக்குள்ளேயே கிடந்து கிடைத்த பிறகும் முடியவில்லை. ஆறு வருடமாக இருவரும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. பேச வேண்டியதையெல்லாம் ராஜரத்தினத்திடம் பேசினார்கள்.

இனித் தேத்தண்ணிக்கு வருவோம்.

பிரதிநிதியான புதிதில் ஒருநாள் ஐயாத்துரை வீட்டில் தேத்தண்ணி குடித்தார். அடுத்து பரமலிங்கம் வீட்டுக்குப் போனபோது வயிறு நிறைந்திருந்தது. வேண்டாம் என்றார். அவ்வளவுதான். அடுத்த கூட்டத்தில் பரமலிங்கம் எழும்பி நின்று, “தேத்தண்ணி குடிச்ச வீட்டுக்குத்தான் தண்ணி போகுது. எங்கட வீட்டு வாசலில நிண்டு வேண்டாமெண்டு கையைக் காட்டிப்போட்டு, அங்க இருந்து ரெண்டாம் கோப்பையும் குடிச்சவர்” என்று முறைப்பாடு வைத்தார். இரண்டாம் கோப்பை பொய். ஆனால் யார் கேட்டது? அன்று முடிவெடுத்தார் ராஜரத்தினம். இனி ஒரு வீட்டில் குடித்தால் மற்ற வீட்டிலும் குடிப்பது. அதே அளவு, அதே சீனி. நீதி என்றால் நீதி.

அந்த முடிவுக்கு ஒரேயொரு இடைஞ்சல். மனிதருக்குப் பத்து வருடமாகச் சீனி வருத்தம்.

அதை ஊரில் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் ‘நோயாளியை வைச்சு வாய்க்கால் பாக்க ஏலுமோ’ என்று பதவியைப் பிடுங்கிவிடுவார்கள் என்பது வீட்டில் அவர் சொல்லி வைத்திருந்த காரணம். உண்மைக் காரணம் வேறு. அவருக்குச் சீனி போட்ட தேத்தண்ணி உயிர். யுத்தத்தின் கடைசி மாதங்களில், பதுங்குகுழியில், தேயிலை தீர்ந்து சீனியும் தீர்ந்து வெறும் சுடுநீரை ஆளுக்கு இரண்டு மிடறு குடித்த நாட்கள் உண்டு. அங்கே வைத்துச் சத்தியம் செய்தவர். உயிரோடு வெளியே போனால், எவர் நீட்டும் இனிப்புத் தேத்தண்ணியையும் வாழ்நாளில் வேண்டாம் என்று சொல்வதில்லை. பரமலிங்கம் வீட்டு வாசலில் அதை ஒருதரம் மீறியதற்கு என்ன நடந்தது பார்த்தீர்கள்தானே!

இப்படி இருக்கும்போதுதான் கனடாவிலிருந்து ரூபன் வந்தான். கமலாட்சியின் அண்ணன் மகன். பெட்டி நிறையச் சொக்லேட்டும், தன் தொப்பையைக் குறைக்க வாங்கிய இரண்டு பெரிய போத்தல் பச்சைக் குளிசையும் கொண்டுவந்தான். போகும்போது தொப்பையைக் கொண்டுபோய்விட்டான், போத்தல்களை மாமாவுக்கு விட்டுவிட்டான்.

“மாமா, இது கிரீன் ரீ. தேயிலைச் சாறு. சுகருக்கு நல்லதாம், உடம்புக்குள்ள இருக்கிற ஊத்தையெல்லாம் கழுவி எடுத்திடும். ஒரு நாளைக்கு ஒண்டு போடுங்கோ.”

தேயிலையா? ராஜரத்தினத்துக்குக் கண் கலங்கிவிட்டது. “எங்க அம்மா பறிச்ச இலைடா, ரூபா. அட்டை கடிச்சு, மழையில நனைஞ்சு பறிச்ச இலை. அது என்னயக் காப்பாத்த வந்திருக்கு பாரு.”

கமலாட்சி குசினிக்குள் இருந்து சொன்னாள்: “எங்க அம்மாவுந்தான் பறிச்சாங்க. ஒரு இலையக்கூட வாயில போட்டதில்ல. தோட்டத்துல ஆடுகூட அதத் திங்காது.”

யார் கேட்டது? முதல் இரண்டு நாள் ரூபன் சொன்னபடி ஒன்றுதான் போட்டார். மூன்றாம் நாள் வாய்க்கால் கரையில் நின்று யோசித்தார். அவருடைய மூளைக்கு எல்லாமே வாய்க்கால்தான். தேத்தண்ணி உள்ளே வருகிறது, அதோடு சீனியும் வருகிறது. குளிசை என்பது மதகுப் பலகை. பலகையைப் போட்டால் சீனி அந்தப் பக்கம் நின்றுவிடும். அப்படியானால் நாளுக்கு ஒன்று என்பது என்ன கணக்கு? தண்ணீர் வருகிற போதெல்லாம் அல்லவா பலகை போடவேண்டும்! அன்றிலிருந்து கோப்பைக்கு ஒரு குளிசை. ஐயாத்துரை வீட்டில் ஒன்று, பரமலிங்கம் வீட்டில் ஒன்று. இருவரும் மறுபடி சண்டை பிடித்து மத்தியானம் கூப்பிட்டால் மறுபடி ஒவ்வொன்று. பழைய மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்றைத் தேடிப் பிடித்துக் குளிசைகளை அதற்குள் அடைத்தார். கோப்பையைக் கையில் வாங்கியதும் முகத்தை மற்றப் பக்கம் திருப்பி, கூட்டைத் திறந்து, ஒன்றை வாயில் எறிந்து, தேத்தண்ணியோடு விழுங்குவார். ஏலக்காய் போடுகிறார் என்று பரமலிங்கம் நினைத்தார். தண்ணீர் விடுவதற்கு முன் சாமி கும்பிடுகிறார் என்று ஐயாத்துரை நினைத்தார். அதனால் ஐயாத்துரைக்கு அவர் மேல் மரியாதை கூடியது.

போத்தல் முடிய முடிய ரூபன் ஆள்வசம் கொடுத்துவிட்டான். மாமா இவ்வளவு கெதியாக முடிக்கிறாரே என்று அவன் யோசித்திருக்கலாம். யோசிக்கிற பிள்ளையாக இருந்தால் தொப்பை வந்திருக்காது.

மாதா மாதம் கிளினிக் உண்டு. அதற்கும் ராஜரத்தினம் வழி கண்டுபிடித்திருந்தார். கிளினிக்குக்குச் சில நாள் முன்னரே முல்லைத்தீவில் இருக்கும் மகள் சுரேகா வீட்டுக்குக் ‘கடல் காத்து வாங்க’ப் போய்விடுவார். அங்கே தேத்தண்ணி கொடுக்க எந்தப் பகையாளியும் இல்லை. சுரேகா குரக்கன் பிட்டும் மீன் குழம்பும் கொடுத்துக் கண்டிப்பாக வைத்திருப்பாள். திரும்பி வந்து வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்தால் சீனி ஓரளவு நல்ல பிள்ளையாக நிற்கும். டொக்டரும் தலையாட்டுவார்.

ஆனால் கிரியற்றினின் என்று ஒன்று இருக்கிறது. அதற்குக் கடல் காற்றும் தெரியாது, சுரேகாவையும் தெரியாது. அது ஏறிக்கொண்டே போனது.

“அது என்ன பிள்ளை கிரியற்றினின்?” என்று டொக்டரைக் கேட்டார். டொக்டர் யதுர்ஷிகா, இளம் பெண், கிளினிக்குக்குப் புதிதாக வந்தவர்.

“சிறுநீரகம் வெளியில தள்ளாமல் விட்ட ஊத்தை இரத்தத்தில எவ்வளவு மிஞ்சிக் கிடக்குது எண்டு காட்டுறது, ஐயா. உங்களுக்கு ஏறிக்கொண்டு போகுது. வேற ஏதும் மருந்து எடுக்கிறியளோ?”

“சீச்சீ! நீங்கள் தாற மருந்தைத் தவிர வேற மருந்து தொடமாட்டன்.”

மனச்சாட்சிப்படி அது பொய்யில்லை. டொக்டர் கேட்டது மருந்து. சட்டைப் பைக்குள் இருந்தது இலை. ஆனாலும் ‘கிட்னி’ என்ற சொல் அவரை உலுக்கிவிட்டது. வன்னியில் அந்தச் சொல்லுக்குப் பயப்படாதவர் யார்? கிட்னி போனது என்று கேள்விப்பட்ட வீடுகளை அவருக்குத் தெரியும். மாங்குளத்தில் அவரோடு சேர்ந்து நெல் விற்ற ஒரு மனிதன் இப்போது கிழமையில் பாதி நாளை இரத்தம் கழுவுகிற மெஷினோடு கட்டிலில் கிடந்து கழிக்கிறான்.

அன்றிரவு நித்திரை வரவில்லை. ஊத்தை மிஞ்சிக் கிடக்கிறது என்றால் வடிகால் அடைத்திருக்கிறது. வடிகால் அடைத்தால் என்ன செய்வது? கழுவ வேண்டும். எதனால் கழுவுவது? உடம்புக்குள் இருக்கிற ஊத்தையையெல்லாம் கழுவி எடுக்கும் என்று ரூபன் எதைச் சொன்னான்? விடிந்ததும் விடியாததுமாகக் கிட்னிக்கென்று தனியாக இன்னும் ஒரு பச்சைக் குளிசை போட ஆரம்பித்தார். ஐயோ, அந்த மனிதரை என்ன செய்வது!

அந்தச் சிறுபோகம் மோசமான சிறுபோகம். குளத்தில் நீர் குறைவு. ஐயாத்துரையும் பரமலிங்கமும் காலையில் ஒருதரம், மத்தியானம் ஒருதரம், பொழுதுபடக் கடைசியாக ஒருதரம் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். கூப்பிட்ட போதெல்லாம் இரண்டு கோப்பை, இரண்டு குளிசை. ராஜரத்தினத்தின் கால்கள் வீங்கத் தொடங்கின. செருப்பு நுழையவில்லை. “இப்ப செருப்பெல்லாம் சின்னதா செய்யிறானுங்க” என்று சொல்லிக் கிளிநொச்சிச் சந்தையில் பெரிய செருப்பு ஒரு சோடி வாங்கி வந்தார். கமலாட்சி பழைய செருப்பை எடுத்துப் பார்த்தாள். இரண்டு வருடமாகப் போட்ட செருப்பு. திடீரென்று எப்படிச் சின்னதாகும்? பிறகு அவர் போய்வந்த கழிவறையில் நுரை நுரையாகக் கிடப்பதைக் கண்டாள். சவர்க்காரம் கொட்டினீர்களா என்று கேட்டாள். ஆமா என்றார். சவர்க்காரக் கட்டி நனையாமல் கிடந்தது.

அன்றே அவருடைய சட்டையைத் தோய்க்க எடுத்தாள். பையில் கூடு. கூட்டுக்குள் பச்சைப் பச்சையாகக் குளிசை.

அடுத்த கிளினிக்குக்கு அவள் கூடவே வந்தாள். சுரேகா வீட்டுக்குப் போகவும் விடவில்லை. டொக்டர் யதுர்ஷிகா இரத்த அறிக்கையைப் பார்த்து நெற்றியைச் சுருக்கியபோது, கமலாட்சி கூட்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

“டொக்டர், இந்த மனுசனுக்குக் கண்ணாடியே கிடையாது. கூட்டத் தொறந்து பாருங்க.”

டொக்டர் திறந்தார். மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்தார். போத்தலில் இருந்த விபரத்தைக் கமலாட்சி போனில் படம் பிடித்து வைத்திருந்தாள், அதையும் பார்த்தார்.

“ஒரு நாளைக்கு எத்தினை, ஐயா?”

“தேத்தண்ணிக்கு ஒண்டு.”

“எத்தினை தேத்தண்ணி?”

ராஜரத்தினம் மேலே சுழன்ற மின்விசிறியைக் கவனமாகப் பார்த்தார்.

“ரெண்டு வீட்டுக்காரங்க சண்ட புடிக்கிறதப் பொறுத்தது, டொக்டர்” என்றாள் கமலாட்சி. “சீனி போட்ட தேத்தண்ணி. இந்தப் போகம் நல்ல சண்ட.”

டொக்டர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு கதிரையை இழுத்து அவருக்கு முன்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“ஐயா, கிரீன் ரீயை ஒரு கோப்பை ரெண்டு கோப்பை ஊத்திக் குடிச்சால் நான் ஒண்டும் சொல்லமாட்டன். இது சாறை இறுக்கி அடைச்சது. ஒரு குளிசைக்குள்ள கனக்கக் கோப்பை இருக்கு. சீனி வருத்தம் உள்ள எலியளுக்கு ஆராய்ச்சியில உந்தச் சாறைக் கூடுதலாக் குடுத்துப் பாத்தவை. அதுகளுக்குச் சிறுநீரகம் இன்னும் பழுதாத்தான் போனதாம். மனுசருக்கு என்ன செய்யும் எண்டு இன்னும் வடிவாத் தெரியாது.”

“அப்ப நான் எலி இல்லைத்தானே, பிள்ளை?”

“எலிக்கு அளந்து குடுத்தவை, ஐயா. நீங்கள் அளக்கவும் இல்லை.”

ராஜரத்தினம் கடைசி ஆயுதத்தை எடுத்தார். “எங்கட அம்மா கொழுந்து பறிச்சு வளத்த உடம்பு இது. தேயிலை எனக்குக் கெடுதல் செய்யுமோ?”

“உங்கட அம்மா கொழுந்தைப் பறிச்சவா. கூடையோட விழுங்கினவாவோ?”

டொக்டர் குரலைத் தணித்தார். “உந்தக் குளிசைதான் காரணம் எண்டு நான் சத்தியம் பண்ணமாட்டன். சீனியும் பிரசரும் சேந்து செய்யிற வேலைதான் பெரிசு. ஆனா ஏற்கெனவே களைச்சுப்போன சிறுநீரகத்தின்ர தலையில ஏன் இதையும் ஏத்துவான்? போனது போனதுதான். மிச்சத்தைக் காப்பாத்தலாம். குளிசையும் சீனியும் இண்டையோட நிக்கவேணும். இப்பிடியே போனால் மெஷினுக்குத்தான் போகவேண்டி வரும்.”

திரும்பி வரும் பஸ்ஸில் கமலாட்சி ஜன்னலோரம் இருந்தாள். ஜன்னலுக்கு வெளியே வயல்கள் பச்சையாக ஓடின. பாதி வயல்களின் தண்ணீர் அவர் திறந்துவிட்ட தண்ணீர். ராஜரத்தினத்துக்குப் பயமாக இருந்தது. ஷெல் விழுந்த நாட்களில்கூட இப்படிப் பயந்ததில்லை. அப்போது ஓடலாம், படுக்கலாம். இது உள்ளுக்குள்ளேயே இருக்கிறது.

“கமலா, நான் செத்தா மொறத் தண்ணிய யாரு பாப்பாங்க?”

“நீங்க செத்தா தண்ணி அது பாட்டுக்கு ஓடும்” என்றாள் கமலாட்சி. “நாந்தான் என்னா செய்யிறதுன்னு தெரியாம நிப்பேன்.” சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் நிறைய ஆட்கள் என்றுகூடப் பார்க்காமல் அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலையே போன். பலகையைப் பரமலிங்கம் உயர்த்திவிட்டானாம். ஐயாத்துரை கத்துகிறார். ராஜரத்தினம் புறப்பட்டார். கூடு இல்லை, கமலாட்சி அதைக் குசினிக் கூரையில் எங்கோ செருகிவிட்டாள். பை இலேசாக இருந்தது, நெஞ்சு பாரமாக இருந்தது.

ஐயாத்துரை வீட்டு முற்றத்தில் கதிரை போட்டார்கள். ஐயாத்துரையின் மனைவி விமலேஸ்வரி ஆவி பறக்கத் தேத்தண்ணி கொண்டுவந்தா.

“வேண்டாம், இண்டைக்கு விரதம்” என்றார் ராஜரத்தினம்.

“புதன்கிழமையில என்ன விரதம்? விரதமெண்டாலும் தேத்தண்ணி குடிக்கலாம்தானே. பிடியுங்கோ.”

பிடித்தார். ஐயாத்துரை பலகையைக் காட்ட வேலிப்பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, கோப்பையை மெல்லச் சரித்து வாழை அடியில் ஊற்றப் போனார். விமலேஸ்வரி அதைக் கண்டுவிட்டா.

“என்ன, எங்கட வீட்டுத் தேத்தண்ணி வாழைக்கோ? இனி அங்க போய்க் குடிக்கப் போறியளாக்கும்!”

ஐயாத்துரை திரும்பினார். முகம் சிவந்துவிட்டது. “ஓகோ! அவன் என்ன தந்து உம்மைப் பிடிச்சவன்? நான் கூட்டத்தில கேப்பன்!”

வேலிக்கு அப்பால் பரமலிங்கத்தின் தலை தெரிந்தது. சண்டை என்று மோப்பம் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். “என்ன தந்தனான்? சொல்லச் சொல்லுங்கோ பாப்பம்!” என்று அவர் அங்கிருந்து கத்தினார். இத்தனை வருட நீதி நடுமுற்றத்தில் கவிழப் போகிறது. ராஜரத்தினத்துக்கு வேறு வழி தெரியவில்லை. வாய் தானாகத் திறந்தது.

“எனக்குச் சீனி வருத்தம்! பத்து வருசமா! கிட்னி பழுதாப் போகுதாம். இனிச் சீனி குடிச்சா மெஷினாம். போதுமோ?”

வாழையடியில் எறும்பு கூட நின்றிருக்கும். பிறகு ஐயாத்துரை சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து கதிரையைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்கு இருபது வருசம், ஐசே! ஊசி போடுறனான்!”

“எனக்கும் இருக்கு” என்றது வேலிக்கு மேலே இருந்த பரமலிங்கத்தின் தலை, கொஞ்சம் பொறாமையோடு. “பிரசரும் இருக்கு.”

விமலேஸ்வரிக்கு ஆத்திரம் வந்துவிட்டது. “பின்ன இந்த வீட்டில ஆர் சீனி தொடுறது? உங்களுக்காகவல்லோ நான் சீனிப் போத்தலை எறும்பு ஏறாமல் தண்ணிக் கோப்பைக்குள்ள நிப்பாட்டி வைச்சுக் காவல் காக்கிறன்! சீனி குறைஞ்சால் மனுசன் குறை நினைக்குமெண்டு மூண்டு கரண்டி போடுறனான்!”

அந்த நேரத்தில்தான் வேலியின் கீழ்ப்பக்கத்தில், கதியால் இரண்டு விலகிய இடைவெளிக்குள்ளால், ஒரு கை உள்ளே வந்தது. வளையல் போட்ட கை. பின்னால் பரமலிங்கத்தின் மனைவி தங்கம்மாவின் குரல் வந்தது. குசினிப் புகைக்குள் நின்ற அவவுக்கு முற்றத்துக் கதை ஒன்றும் கேட்கவில்லை.

“விமலா, அவர் குடிச்சிட்டாரோ? போத்தலைத் தா. அடுத்து இஞ்சதானே வருவார்.”

ஐயாத்துரை கையைப் பார்த்தார். பரமலிங்கம் மேலே இருந்து எட்டிக் கீழே கையைப் பார்த்தார். அது தன் வீட்டுக் கைதான் என்பது அவருக்குத் தெரிந்தது.

“என்னப்பா உது?” என்றார் ஐயாத்துரை.

“என்ன என்ன உது?” விமலேஸ்வரி இடுப்பில் கையை வைத்தா. “ரெண்டு வீட்டிலயும் ஒருத்தரும் சீனி குடிக்கிறதில்லை. இந்த மனுசன் ஒருத்தருக்காக ரெண்டு போத்தல் எதுக்கு? ஒண்டுதான். முறை வைச்சு நிரப்புறம். ஒருக்கால் நான், ஒருக்கால் அவள்.”

“எவ்வளவு காலமா?” என்று கேட்டார் பரமலிங்கம்.

“நீங்கள் பலகைக்குச் சண்டை பிடிக்கத் தொடங்கின நாளில இருந்து” என்றா தங்கம்மா வேலிக்குள்ளால். விஷயம் வெளிவந்துவிட்டது என்று அவவுக்கு இப்போது விளங்கிவிட்டது. “ஒரு நாள் முறை தப்பினதில்லை. எங்களுக்குப் பிரதிநிதியும் தேவைப்படேல்லை.”

ராஜரத்தினம் கதிரையில் தொப்பென்று இருந்தார். ஆறு வருடமாகத் தான் குடித்துக் குடித்துக் காத்த நீதி ஒரே போத்தலில் இருந்து வந்திருக்கிறது. தன்னைத் தவிர இந்த முற்றத்தில் ஒருவருக்கும் அந்தச் சீனி தேவைப்படவில்லை. இதற்காகவா கிட்னியைக் கொடுத்தேன் என்று நினைத்தபோது அழுகை வந்தது. வெளியில் வந்தது என்னவோ சிரிப்பு. அவர் சிரிக்க ஐயாத்துரை சிரித்தார். பரமலிங்கம் சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துப் பார்த்துவிட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்று பலகையை யாரும் அளக்கவில்லை.

அதற்காக இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். அப்படியெல்லாம் இல்லை. போகம் முடியும்வரை சண்டை நடந்தது. ஆனால் ராஜரத்தினம் போனால் இரண்டு வீட்டிலும் சீனியில்லாத வெறும் தேத்தண்ணிதான், அதுவும் அரைக் கோப்பை. முதல் நாள் முகத்தைச் சுளித்தார். கைப்பு. பிறகு மெல்ல உறிஞ்சிப் பார்த்தார். இலையின் ருசி இதுதானா? தாய் பறித்த இலையை இத்தனை வருடமாகச் சீனிக்குள் மூடி வைத்துக் குடித்திருக்கிறோம் என்று தோன்றியது. அதைக் கமலாட்சியிடம் சொன்னார். “இப்பத்தான் தெரியுதா?” என்றாள் அவள்.

ரூபன் கனடாவிலிருந்து வீடியோவில் கூப்பிட்டு, “மாமா, இப்ப மஞ்சள் சாறு எண்டு ஒண்டு வந்திருக்கு” என்று தொடங்கினான். கமலாட்சி போனைப் பறித்தாள். அவள் சொன்னது தோட்டத்துத் தமிழில் இருந்தது. எழுதமுடியாது. அவன் அதற்குப் பிறகு போத்தல் அனுப்பவில்லை.

கிளினிக்கில் கிரியற்றினின் இறங்கவில்லை. ஆனால் ஏறவும் இல்லை. நின்றுவிட்டது. “நிக்கிறதே பெரிய காரியம், ஐயா” என்றார் டொக்டர் யதுர்ஷிகா. வீட்டுக்கு வரும் வழியில் விமலேஸ்வரி வேலிக்கு இந்தப் பக்கமும் தங்கம்மா அந்தப் பக்கமும் நின்று, “எத்தினையாம்? எத்தினையாம்?” என்று கேட்டார்கள். சொன்னார். “போன முறையும் அதுதானே?” என்று இருவரும் ஒன்றாகச் சொன்னார்கள். சீனிப் போத்தலுக்கு வேலை போனபிறகு வேலிக்குள்ளால் போய்வருவது அவருடைய கிட்னிக் கதைதான் என்று அன்று அவருக்குத் தெரிந்தது.

அடுத்த சிறுபோகத்தில் முதல் முறைத் தண்ணீர் விட்ட அன்றே போன் அடித்தது. பலகைதான். வேறென்ன? ராஜரத்தினம் அவசரமாக ஓடினார். கொஞ்ச நேரம் கழித்துக் கமலாட்சி முற்றம் கூட்ட வந்தாள். வாசலில் பெரிய செருப்புச் சோடி கிடந்தது. வெறுங்காலோடா போனார் என்று ஏசுவதற்கு வாயெடுத்தவள், மூலையைப் பார்த்தாள். அங்கே கிடந்த பழைய செருப்பைக் காணவில்லை.

பழைய செருப்பு நுழைந்திருக்கிறது. கால் வற்றியிருக்கிறது. அந்த மனிதருக்கு அது தெரியக்கூட இல்லை, அவசரத்தில் மாட்டிக்கொண்டு ஓடியிருக்கிறார். கமலாட்சி விளக்குமாற்றை மடியில் போட்டுக்கொண்டு வாசலில் இருந்து அழுதாள். பஸ்ஸில் அழாததையும் சேர்த்து அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பி, படலையடியில் நின்று, வாய்க்கால் வளைவில் சிறிதாகப் போய்க்கொண்டிருந்த முதுகைப் பார்த்துக் கத்தினாள்.

“இந்தாங்க! ரெண்டு வீட்லயும் ஒரே அளவு குடிங்க! சீனி வேணான்னு சொல்லுங்க!”

“ஆமா!” என்று அவர் வீதியில் நின்றே திருப்பிக் கத்தினார்.